பட்டம் வீண் என்பது யார் வீட்டுப் பிள்ளைக்கு?

“பி.இ. முடிச்சவன் பைக்ல சாப்பாடு டெலிவரி பண்றான். பரோட்டா மாஸ்டர் மாசம் நாப்பதாயிரம் வாங்குறான். அப்புறம் எதுக்குக் காலேஜ்?” இந்தப் பேச்சைக் கேட்காத தமிழர் இன்று இருக்க மாட்டார். கல்யாணப் பந்தியில், டீக்கடையில், தொழில்முனைவோர் மேடையில், யூடியூப் பேட்டியில், அரை நிமிட ரீல்ஸில் எங்கு திரும்பினாலும் இதுதான் ஒலிக்கிறது. பேச்சு பரவியதில் வியப்பும் இல்லை. வேலை கிடைக்காத பட்டதாரி இல்லாத தெரு கிடையாது. கல்விக் கடனைக் கட்ட முடியாமல் வங்கியின் தொலைபேசி அழைப்புக்கு அஞ்சும் குடும்பம் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அந்த வலி உண்மை. அந்த வலியிலிருந்து ‘டிகிரி வீண்’ என்று எடுக்கப்படும் முடிவு பொய். அதுவும் ஏழை வீட்டுப் பிள்ளையின் காலை வாரிவிடும் பொய்.

பட்டத்துக்கு எல்லோர் கையிலும் ஒரே மதிப்பு இருப்பதில்லை. அப்பாவின் கடை, மாமாவின் கம்பெனி, ஊரில் நிலம், வீட்டில் ஆங்கிலம், போன் போட்டுச் சொல்ல நாலு பெரிய மனிதர்கள் என்று எல்லாம் வாய்த்த பிள்ளைக்குப் பட்டம் ஒரு கூடுதல். இவற்றில் ஒன்றுமே இல்லாத பிள்ளைக்கு அதுதான் மொத்தக் கையிருப்பு. முதல் பிள்ளையைப் பார்த்துக் கண்ட முடிவை இரண்டாம் பிள்ளைக்கு அறிவுரையாக ஊட்டுகிறார்களே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

29.1-உம் 3.4-உம்

பட்டத்தை மறுப்பவர்கள் முதலில் எடுத்து நீட்டுவது ஒரு புள்ளிவிவரம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியின் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனமும் இணைந்து 2024-ல் இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையை வெளியிட்டன. 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்திய இளைஞர்களில் பட்டம் பெற்றவர்களின் வேலையின்மை 29.1%, எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் வேலையின்மை 3.4%. ‘படிக்கப் படிக்க வேலை கிடைக்காமல் போகிறது, பார்த்தீர்களா?’ என்று கேட்கிறார்கள்.

இந்தக் கணக்கில் ‘வேலையில்லாதவர்’ என்று இடம்பெற ஒருவர் வேலை தேடிக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க அடுப்பு எரிய வேண்டும். எழுத்தறியாத இருபது வயது இளைஞருக்கு அந்த வசதி இல்லை. செங்கல் சூளை, கட்டட வேலை, சுமை தூக்குதல் என்று கிடைத்ததைச் செய்தால்தான் அன்றைய சோறு. அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் வாரநிலை முறை என்று ஒன்று உண்டு. முந்தைய ஏழு நாளில் ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அதன்படி அவர் வேலையில் இருப்பவர். ஆண்டுநிலை முறையிலும் துணைத் தொழிலாக முப்பது நாள் உழைத்திருந்தால் போதும். ஆகவே 3.4% என்பதைப் படிக்காததற்குக் கிடைத்த பரிசாக எடுத்துக்கொள்ள வழியே இல்லை. எந்தக் கூலியையும் மறுக்க முடியாத வறுமையைத்தான் அந்த எண் காட்டுகிறது.

இன்னொரு கணக்கையும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட இந்திய உழைப்பாளர் நிலை பற்றிய அறிக்கை, 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளின் வேலையின்மை 42 விழுக்காட்டுக்கும் மேல் என்றது. அது தலைப்புச் செய்தியானது. அதே அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளும் உண்டு. 25 முதல் 29 வயதுக்குள் அது 22.8%. 30 முதல் 34 வயதுக்குள் 9.8%. 35 முதல் 39 வயதுக்குள் 4.5%. நாற்பதைத் தாண்டியவர்களிடம் 1.6%. இந்த இறக்கத்தை வைத்து எல்லோருக்கும் நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். படிப்புக்குக் குறைந்த வேலையில் ஒதுங்கியவர்களும் இதில் இருப்பார்கள். வேலை தேடுவதையே விட்டுவிட்ட பெண்கள் இந்தக் கணக்கிலிருந்தே விலகியிருப்பார்கள். ஆனால் ஒன்று உறுதி. பட்டதாரியின் வேலையின்மை பெரும்பாலும் இளமையில் வரும் நீண்ட, கொடுமையான காத்திருப்பு. ஆயுள் தண்டனை அன்று. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் காத்திருப்பைப் படம்பிடித்து, அவன் வாழ்க்கையே அதோடு முடிந்தது என்று தீர்ப்பெழுதக் கூடாது.

காத்திருந்தவர்களுக்குப் பலன் உண்டா என்றால், உண்டு. உலக நாடுகளில் பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகளைச் சாக்கரோபுலோஸ், பாட்ரினோஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2018-ல் உலக வங்கிக்காகத் தொகுத்தார்கள். கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் வருமானம் சராசரியாக 9% கூடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. வட்டிக்கு விட்ட பணம்கூட ஆயுள் முழுவதும் இவ்வளவு ஒழுங்காகத் திரும்பி வருவதில்லை.

பரோட்டா மாஸ்டரின் மாதச் சம்பளம்

அடுத்தது பரோட்டா மாஸ்டர். ஊருக்கு ஊர் அவருடைய இடத்தில் பிளம்பரோ ஏ.சி. மெக்கானிக்கோ டைல்ஸ் போடுபவரோ வருவார். இவர்கள் தொழில் ஒவ்வொன்றும் மரியாதைக்குரியது. கைத்தொழிலைக் கேவலமாகப் பார்க்கும் படித்தவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் ஒப்பிடுவதாக இருந்தால் முழுமையாக ஒப்பிட வேண்டும்.

மேலே சொன்ன பேச்சு, தேர்ந்த மாஸ்டரைத் தோற்றுப்போன பொறியாளரோடு ஒப்பிடுகிறது. ஒரு கடையில் மாஸ்டர் ஒருவர். அவருக்குக் கீழே மாவு பிசைபவர், வெங்காயம் உரிப்பவர், மேசை துடைப்பவர், பாத்திரம் கழுவுபவர் என்று ஏழெட்டுப் பேர். அவர்களில் யாரும் நாற்பதாயிரம் வாங்குவதில்லை. பள்ளியை விட்டு வரும் பையன் முதலில் போய் நிற்கும் இடம் அவர்களுடையதுதான். மாஸ்டரும்கூடத் தணலுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றுதான் அந்தப் பணத்தைப் பார்க்கிறார். பெரும்பாலான கடைகளில் அவருக்கு வருங்கால வைப்புநிதி கிடையாது. இ.எஸ்.ஐ. கிடையாது. சம்பளத்துடன் விடுப்பு கிடையாது. பணிக்கொடை கிடையாது. முழங்கால் தேய்ந்துவிட்டால், தோள்பட்டை விலகிவிட்டால், அடுத்த மாதச் சம்பளமே கிடையாது. இருபத்தைந்து வயதில் இருவர் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாஸ்டர் முந்துவார். ஐம்பது வயதில் வைத்துப் பாருங்கள். ஒருவர் உடம்பு இறங்கும் வயதில் மற்றவருக்குப் பதவி உயர்வு வந்துகொண்டிருக்கும்.

அந்த மாஸ்டர்களும் மெக்கானிக்குகளும் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன விரும்புகிறார்கள் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இங்கே உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47%. நாட்டின் சராசரி 28.4%. இந்த வித்தியாசத்தை உருவாக்கியவர்கள் பணக்காரர்கள் அல்லர். அவர்கள் பிள்ளைகள் எந்தக் காலத்திலும் படித்தார்கள். நெசவாளியும் ஓட்டுநரும் விவசாயக் கூலியும் தங்கள் பிள்ளைகளை அனுப்பியதால் வந்த வித்தியாசம் இது. உழைப்பின் கணக்கை உடம்பால் அறிந்தவர்கள் அவர்கள். அவர்கள் போட்ட கணக்கை மேடையில் நின்று தவறென்பவர் முதலில் அவர்களுக்குப் பதில் சொல்லட்டும்.

வரிசையில் நிற்கும் உரிமை

‘எம்.ஏ., எம்.ஃபில். படித்தவர்களே குரூப் 4 எழுதுகிறார்கள். பட்டத்தின் கதியைப் பாருங்கள்’ என்பது இன்னொரு வாதம். தமிழக அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 2024-ல் அறிவிக்கப்பட்டபோது அதில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பட்டதாரிகள் ஏராளம் என்பது உண்மைதான். இதிலிருந்து என்ன தெரிகிறது? பத்தாம் வகுப்பு வேலைக்கே பட்டதாரி போட்டிக்கு நிற்கிறார் என்றால், பத்தாம் வகுப்போடு நின்றவர் யாரோடு மோதப் போகிறார்? பட்டதாரி அந்தத் தேர்வில் தோற்றால் குரூப் 2 எழுதலாம், குரூப் 1 எழுதலாம், வங்கித் தேர்வு எழுதலாம், குடிமைப் பணித் தேர்வு எழுதலாம். பத்தாம் வகுப்போடு நின்றவருக்கு இந்த வாசல்கள் எதுவும் இல்லை. பட்டங்கள் பெருகப் பெருகப் பட்டத்தின் மவுசு குறைகிறது என்பதை ஏற்கிறேன். அதே வேகத்தில் பட்டம் இல்லாமையின் விலை ஏறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சட்டமே போட்டுவைத்த வாசல்கள் இவை. தமிழகக் காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலராகப் பத்தாம் வகுப்பு போதும். உதவி ஆய்வாளர் தேர்வு எழுதப் பட்டம் வேண்டும். இருவரும் ஒரே காவல் நிலையத்தில்தான் வேலை பார்ப்பார்கள். ஒருவர் ஆணையிடுவார், மற்றவர் விறைப்பாக நின்று வணக்கம் வைப்பார். பொதுத்துறை வங்கியில் எழுத்தர் வேலைக்கே இன்று ஏதாவது ஒரு பட்டம் கேட்கிறார்கள். அமெரிக்காவின் எச்1பி விசாவுக்கும் இளநிலைப் பட்டமோ அதற்கு இணையென்று மதிக்கத்தக்க நீண்ட அனுபவமோ வேண்டும். ‘திறமை இருந்தால் போதும்’ என்பவர் இந்த விதிகளில் ஒன்றைக்கூட மாற்றித் தரப்போவதில்லை. விதி மாறும்வரை அந்தத் தாளை வைத்திருப்பவருக்குத்தான் திறமையைக் காட்டும் வாய்ப்பே வரும்.

‘அரசு வேலைதான் உலகமா? தனியார் கம்பெனிகள் பட்டத்தை எடுத்துவிட்டனவே’ என்பார்கள். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் பல அப்படி அறிவித்ததும் உண்மை. ஹார்வர்டு வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் ஆய்வு நிறுவனமும் அந்த அறிவிப்புகள் நடைமுறைக்கு வந்தனவா என்று ஆராய்ந்து 2024-ல் முடிவை வெளியிட்டன. அங்கே வேலைக்கு எடுக்கப்படும் 700 பேரில் ஒருவருக்குக்கூட இந்த மாற்றத்தால் பலன் கிடைக்கவில்லை. விளம்பரத்திலிருந்து ஒரு வரியை நீக்கினார்கள். ஆள் எடுப்பவரின் பழக்கம் பெரும்பாலும் மாறவில்லை.

நம் ஊரில் இதற்கு உதாரணமாகக் காட்டப்படுவது ஸோஹோ மென்பொருள் நிறுவனம். பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களைச் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவித்து, வேலையும் தருகிறது அதன் பள்ளி. இருபது ஆண்டுகளாக நடக்கும் அந்த முயற்சி மனமாரப் பாராட்டத்தக்கது. ஆனால் அது கல்வியை மறுக்கும் ஏற்பாடு அன்று. செலவை நிறுவனமே ஏற்று, முழுநேரமாகக் கற்றுக்கொடுக்கும் கல்வி அது. நூறு நிறுவனங்கள் அதுபோல் தொடங்கட்டும், என் பேச்சை நான் மாற்றிக்கொள்கிறேன். இன்றைய நிலையில் அந்தக் கதவு ஆண்டுதோறும் கல்லூரிக்குள் நுழையும் லட்சக்கணக்கானவர்களில் மிகச் சிலருக்கே திறக்கும். அதை நிறுவிய ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐஐடியில் படித்து, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

காமராஜர் படித்தாரா?

‘காமராஜர் படித்தாரா? எம்.ஜி.ஆர். படித்தாரா? கலைஞர் எஸ்.எஸ்.எல்.சி.யே தேறவில்லையே?’ தமிழ் மேடைகளில் கைதட்டல் வாங்கும் கேள்வி இது. அவர்கள் கல்லூரிக்குப் போகாதது உண்மை. முதல்வரானதும் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டாமா? காமராஜர் ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்தார். 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். அதை 1982-ல் சத்துணவாக விரித்தார். கலைஞர் கருணாநிதியின் ஆட்சியில் தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வை நீக்க 2006-ல் சட்டம் வந்தது; குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. கல்லூரிப் படிப்பைத் தொடர முடியாமல் போன ஜெயலலிதா 2011-ல் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தார். கட்சியாலும் கொள்கையாலும் மோதிக்கொண்ட நால்வரும் இந்த ஒன்றில் ஒன்றுபட்டார்கள். படிக்காமல் முன்னேறிய யாரும் ‘நீங்களும் என்னைப் போலப் படிக்காதீர்கள்’ என்று சொல்லவில்லை. தங்களுக்குக் கிடைக்காத படிப்பு வாய்ப்பை அடுத்தவர் பிள்ளைக்கு அளிப்பதில்தான் அதிகாரத்தைச் செலவிட்டார்கள்.

பில் கேட்ஸும் ஸக்கர்பெர்க்கும் கல்லூரியை விட்டவர்கள்தாம். அவர்கள் விட்ட கல்லூரி ஹார்வர்டு. கேட்ஸின் தந்தை சியாட்டிலில் பேர்பெற்ற வழக்கறிஞர். 1968-லேயே கணினி முனையம் வைத்திருந்த தனியார் பள்ளியில் அவர் படித்தார். தொழில் தோற்றிருந்தால் ஹார்வர்டுக்குத் திரும்பிப்போக வழி இருந்தது. ஸக்கர்பெர்க்கின் தந்தை பல் மருத்துவர். மகனுக்கு வீட்டிலேயே நிரலெழுதக் கற்றுத்தர ஆசிரியர் வைத்தார். விழுந்தால் தாங்கிக்கொள்ள ஆளிருந்த பிள்ளைகள் இவர்கள். திருவாரூரிலோ தருமபுரியிலோ நூறுநாள் வேலைக்குப் போகும் தாயின் மகனுக்கு இவர்களை எடுத்துக்காட்டாக நிறுத்துவது அநியாயம்.

அமெரிக்க ஆய்வும் இதையே சொல்கிறது. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு ஆய்வாளர்கள் பெயர்பெற்ற கல்லூரியில் படிப்பதால் பிற்கால வருமானம் உயர்கிறதா என்று பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரே தகுதியும் ஒரே முனைப்பும் கொண்ட பெரும்பாலான மாணவர்களுக்குக் கல்லூரியின் பெயரால் பெரிய வித்தியாசம் வரவில்லை. கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்களுக்கும் பெற்றோர் அதிகம் படிக்காத மாணவர்களுக்கும் மட்டும் வித்தியாசம் வந்தது. வீட்டில் இல்லாததைக் கல்லூரிதான் கொடுக்கிறது. பழகும் வட்டம், பேசும் துணிவு, விண்ணப்பம் எழுதும் விதம், யாரிடம் எதைக் கேட்பது என்ற அறிவு எல்லாம் படித்த வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடும். படிக்காத வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி வளாகம்தான் அந்த மேசை.

பழைய திட்டத்தின் புதிய குரல்

‘எல்லோரும் காலேஜ் போனால் தொழிலை யார் செய்வது? ஒரு தொழிலைக் கற்றுக்கொள்’ என்ற அறிவுரை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1953-ல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தைக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு அதைப் பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் எதிர்த்தார்கள். காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. அன்று எழுந்த கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது: தொழிலைக் கற்றுக்கொள் என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

நம் நாட்டில் தொழிலுக்குச் சாதி உண்டு. சலவை, முடிதிருத்தல், தோல் வேலை, துப்புரவு என்று எந்தக் கைத்தொழிலை எடுத்தாலும் அது எந்தத் தெருவில் பிறந்தவர் தலையில் கட்டப்பட்டது என்பது ஊருக்கே தெரியும். அந்தத் தெருவிலிருந்து வெளியேற அம்பேத்கர் கண்ட வழி படிப்பு. கொலம்பியாவிலும் லண்டனிலும் அவர் பெற்ற பட்டங்களை அவர் பெயரோடு சேர்த்து இன்றும் சேரிப் பிள்ளைகள் ஏன் உச்சரிக்கிறார்கள்? தங்களைப் போல் பிறந்தவருக்கு அந்தத் தாள் எதை உடைத்துக் கொடுத்தது என்று அவர்களுக்குத் தெரியும். தகப்பன் செய்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொல்லும் உரிமையை ஒரு துப்புரவுத் தொழிலாளியின் மகளுக்கு இந்த மண்ணில் கொடுத்தது பட்டம்தான். அதைச் சம்பளக் கணக்கில் மட்டும் வைத்து நிறுத்துப் பார்ப்பவர் அவளுடைய கேள்வியையே புரிந்துகொள்ளவில்லை.

பெண்களின் கணக்கு இன்னும் வேறு. பரோட்டா மாஸ்டர், பிளம்பர், மெக்கானிக், டைல்ஸ் கொத்தனார் என்று அடுக்கப்படும் பட்டியலில் ஒரு பெண்ணாவது உண்டா? படிப்பு நின்ற பெண்ணுக்கு நம் சமூகம் வைத்திருக்கும் வழிகள் இரண்டு: கல்யாணம், அல்லது மில். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் சிறுமிகளை மூன்றாண்டு விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொன்ன ஏற்பாட்டை நாம் மறந்துவிடக் கூடாது. அங்கே போனவர்கள் பட்டம் படித்த பெண்கள் அல்லர். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. 2024-ல் தமிழ்ப்புதல்வன் திட்டம் அதை மாணவருக்கும் விரித்தது. ஆயிரம் ரூபாய் சிறிய தொகைதான். ஆனால் ஒரு பெண்ணின் திருமணத்தை மூன்றாண்டு தள்ளிப்போடும் வாதமாக அது வீட்டுக்குள் நுழைகிறது. வேலை கிடைக்காவிட்டாலும் இருபத்தொரு வயதில் தன் பெயரில் ஒரு பட்டத்தோடு நிற்கும் பெண்ணும், பதினெட்டில் தாலி கட்டிக்கொண்ட பெண்ணும் ஒரே நிலையில் இல்லை.

குற்றவாளி யார்?

எதிர்வாதத்தில் உண்மையான பகுதி ஒன்று உண்டு. கல்லூரிகளில் பல கற்றுத்தருவதே இல்லை. திறன்தேர்வு நடத்தும் நிறுவனங்களின் அறிக்கைகள் இந்தியப் பட்டதாரிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் வேலைக்குத் தகுதியானவர்கள் என்கின்றன. மத்திய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையும் 51.25% என்ற எண்ணை எடுத்தாண்டது. இதைப் பட்டத்தின் மீது சுமத்தாமல் சுமத்த வேண்டிய இடத்தில் சுமத்துவோம்.

2024-ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு மோசடியை வெளிப்படுத்தியது. ஒரே பேராசிரியரைப் பல பொறியியல் கல்லூரிகள் தத்தம் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டியிருந்தன. அண்ணா பல்கலைக்கழகம் அதை மறுக்க முடியாமல் விசாரணையில் இறங்கியது. ஆசிரியரே இல்லாத வகுப்பில் உட்கார்ந்த மாணவனுக்குத் திறமை இல்லை என்றால் குற்றவாளி மாணவனா? அரசுக் கலைக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் நிரந்தரமில்லாமல் பாடம் நடத்துகிறார்கள். மாதம் ஐம்பதாயிரம் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொல்லியும், அதில் பாதியைக் கொடுத்து அவர்களை ஓட்டுகிறது அரசு. தகவல்தொழில்நுட்ப நிறுவனங்கள் புதிதாகச் சேர்பவருக்குத் தரும் மூன்று, மூன்றரை லட்ச ரூபாய் ஆண்டுச் சம்பளம் பத்தாண்டுகளுக்கு மேலாக நகரவே இல்லை. வீட்டு வாடகை நகர்ந்திருக்கிறது, பெட்ரோல் விலை நகர்ந்திருக்கிறது.

கற்றுத்தராத கல்லூரி, ஆசிரியரை நியமிக்காத அரசு, சம்பளத்தை உயர்த்தாத முதலாளி ஆகிய மூவரையும் விட்டுவிட்டு ‘டிகிரி வீண்’ என்று மாணவனிடம் சொல்வது யாருக்கு வசதி? அந்த மூவருக்கும்தான். மாணவன் கல்லூரிக்கே வராவிட்டால் நல்ல ஆசிரியர் கேட்டுப் போராட யாரும் இருக்க மாட்டார்கள். ரேஷன் அரிசியில் கல் கிடந்தால் நல்ல அரிசி கேட்டுச் சண்டை போடுவோம். சோறே வேண்டாம் என்று எழுந்து போக மாட்டோம்.

‘செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனிப் பட்டதாரி வேலையெல்லாம் போய்விடும்’ என்ற புதிய அச்சமும் இப்போது சேர்ந்துகொண்டது. டிசிஎஸ் 2025-ல் பன்னிரண்டாயிரம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது உண்மைதான். ஆனால் வேலை சுருங்கும் காலத்தில் நிறுவனங்கள் தகுதியைத் தளர்த்தா, இன்னும் இறுக்கும். நூறு விண்ணப்பங்களைப் பத்தாகக் குறைக்க முதலில் கிழிக்கப்படுவது பட்டம் இல்லாத விண்ணப்பம். தொழில்நுட்பம் மாறும்போது புதிதாகக் கற்றுக்கொள்ள அடித்தளம் வேண்டும். கணக்கும் அறிவியலும் மொழியும் முறையாகப் படித்தவருக்கு அந்த அடித்தளம் இருக்கிறது. ஒரு கருவியை மட்டும் ஆறு மாதத்தில் பழகியவர், கருவி மாறியதும் தெருவில் நிற்பார்.

பிள்ளைகளிடம் என்ன சொல்லலாம்?

எந்தப் பட்டமானாலும் எந்த விலைக்கானாலும் வாங்கு என்று நான் சொல்லவில்லை. நிலத்தை அடகுவைத்து, பெயர் தெரியாத தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் லட்சங்களைக் கொட்டாதீர்கள். நூற்றறுபதுக்கும் மேற்பட்ட அரசுக் கலை அறிவியல் கல்லூரிகள் இங்கே இருக்கின்றன. அங்கே ஓராண்டுக் கட்டணம் சில ஆயிரங்களைத் தாண்டாது. பொறியியலுக்கு ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு உண்டு. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5% ஒதுக்கீடு உண்டு. முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. கலந்தாய்வில் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் தேர்ச்சி விகிதத்தையும் துறையில் உண்மையாக வேலை பார்க்கும் ஆசிரியர்களின் எண்ணிக்கையையும் விசாரியுங்கள்.

கைத்தொழிலில் நாட்டமுள்ள பிள்ளையை ஐ.டி.ஐ.யில் சேருங்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் புதிய எந்திரங்களோடு தரம் உயர்த்தப்பட்டிருக்கின்றன. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். தொழிலும் பட்டமும் பகையாளிகள் என்று சொல்பவர்களுக்கு இந்தப் பாதை தெரியாது; தெரிந்தாலும் சொல்வதில்லை. கல்லூரியில் இருக்கும் மூன்று நான்கு ஆண்டுகளில் அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சிகளைக் கேட்டு வாங்குங்கள், ஆங்கிலம் பேசப் பழகுங்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்குங்கள். பட்டம் உள்ளே நுழையவிடும். உள்ளே நடக்க உங்களுக்குக் கால் வலு வேண்டும்.

‘பட்டம் மட்டும் போதாது’ என்று மேடையில் பேசுங்கள். முதல் ஆளாக நான் கைதட்டுவேன். ‘பட்டமே வேண்டாம்’ என்று பேசும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: உங்கள் மகனும் மகளும் எந்தக் கல்லூரியில் படிக்கிறார்கள்? அவர்களைக் கல்லூரியிலிருந்து நிறுத்தி ஹோட்டல் கல்லுக்கு முன்னால் நிற்கவைக்கத் துணிவிருந்தால் பேசுங்கள். இல்லாவிட்டால், தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியில் கால்வைக்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். பெற்றோரே, ரீல்ஸில் வரும் அறிவுரைக்காகப் பிள்ளையின் விண்ணப்பப் படிவத்தை எடுத்து வைத்துவிடாதீர்கள். நிரப்புங்கள், சேருங்கள், மூன்றாண்டு பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆசிரியரும் நல்ல சம்பளமும் கேட்டு நாம் எல்லோரும் சேர்ந்து போராடுவோம்.